நெஞ்சளவு

கொஞ்சம் உள்ள எட்டிப் பாருங்க தம்பி. பதினாலாம் நம்பர் கட்டில், ஜன்னலோரம். கையில ஒரு பிளாஸ்டிக் டப்பா வச்சிருப்பான், அதுல மூணு பந்து கெடக்கும். ஒரு பந்தாவது மேல ஏறியிருக்கா?

ஏறலையா. சும்மா மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானா. சரி, நீங்க உக்காருங்க. நான் நிக்கிறேன். உக்காந்தா எனக்கு ஒரு மாதிரி வருது.

நானே எட்டிப் பாக்கலாம்தான். பாக்கக் கூடாதுன்னு உத்தரவு. பெத்த அப்பனை வராண்டாவுல நில்லுன்னுட்டுப் போயிருக்கு அந்தப் பொண்ணு. ஜெனிஃபர்னு பேரு, ஆபரேஷன் பண்ணுனவங்களுக்கு மூச்சுப் பயிற்சி குடுக்க வருதுல்ல, அது. இருபத்தஞ்சு வயசு இருக்குமா? “அப்பா, நீங்க பக்கத்துல நின்னா உங்க பையன் மூச்சை அடக்குறாரு. கொஞ்சம் வெளிய இருங்க”ன்னுச்சு. அடக்குறானாம். மூணு வருஷமா அவனுக்கு மூச்சு இழுக்கச் சொல்லிக்குடுத்ததே நான்தான், என்கிட்ட வந்து சொல்லுது.

நீங்க பதிமூணாம் நம்பர்தானே? மாமனாருக்கு நுரையீரல்ல நீரா? ஆமா, நேத்து பூரா இருமிக்கிட்டே இருந்தாரு பாவம். அவரு வயசாளி, இருமுறாரு. இவனுக்கு இருபது வயசு, இருமச் சொன்னா இரும மாட்டேங்கிறான். இழுக்கச் சொன்னா இழுக்க மாட்டேங்கிறான். இடப்பக்கம் நுரையீரலோட அடிப்பாகம் விரியலையாம், சளி கட்டுதாம், காலையில இருந்து காய்ச்சல் வேற. நாளைக்கு விடிஞ்சதும் எக்ஸ்ரே எடுப்பாங்க. அதுக்குள்ள அவன் நல்லா மூச்சை இழுத்து அந்தப் பந்தை ஏத்தணும். இல்லைன்னா மறுபடி ஐசியூவுக்குத் தூக்கிருவோம்னு டாக்டரம்மா காலையிலயே சொல்லிட்டாங்க. ஊதுறதுன்னு நெனைக்காதீங்க, எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. உறிஞ்சுறது. உள்ள உறிஞ்சுனாத்தான் பந்து ஏறும்.

உள்ள அவங்கம்மா இருக்கா, பஞ்சவர்ணம். அவளுக்கு என்ன தெரியும்? தலையைத் தடவிக்கிட்டு உக்காந்திருப்பா.

என் பேரு தவசிலிங்கம். அருப்புக்கோட்டைப் பக்கம் எடைமேடையில வேலை. லாரி வந்து மேடையில நிக்கும், நான் உள்ள கம்ப்யூட்டர்ல எடையைப் பாத்து சீட்டுப் போட்டுக் குடுப்பேன். இருபத்திரெண்டு வருஷமா இதே சோலிதான். என்கிட்ட எவனும் ஏமாத்த முடியாது தம்பி. வழக்கமா வர்ற லாரி ஒரு நாளைக்கு முன்னூறு கிலோ கூட வந்துச்சுன்னு வைங்க, சீட்டுப் போட மாட்டேன். எறங்கிப் போய் அடியில குனிஞ்சு பாப்பேன். தண்ணி டேங்கை ரொப்பி வச்சிருப்பான், இல்லை மணல்ல தண்ணியை ஊத்தியிருப்பான். எடை கூடிச்சுன்னா எதனால கூடிச்சுன்னு பாக்காம விட மாட்டேன். கம்பெனியிலயே இதுக்கு எனக்கு நல்ல பேரு.

சின்ன வயசுல நான் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனேன். தொண்ணூத்தாறுல. ஓட்டத்துல மூணாவது ஆளா வந்தேன். கயிறு ஏறுறதுல மொத ஆளு. கடைசியா நெஞ்சளவு. சாதாரணமா நின்னா எண்பத்தொண்ணு இருக்கணும், மூச்சை இழுத்தா எண்பத்தாறு. அந்த ஏட்டு டேப்பைப் போட்டுப் பாத்துட்டு “எண்பதரை, நீ அந்தப் பக்கம் போ”ன்னுட்டாரு. அரை சென்டிமீட்டர் தம்பி. இந்தா, இம்புட்டுத்தான். அந்தப் பக்கம்னா வெளிய போற வாசல். சட்டையைக் கையில பிடிச்சுக்கிட்டே ரோட்டுக்கு வந்துட்டேன்.

அதனால எம் பிள்ளையை நான் முன்னாலேயே தயார் பண்ணுனேன். இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க. பேரு சிவநேசன். பள்ளிக்கூடம் முடிச்சதும் கேட்டரிங் படிக்கப் போறேன்னான். சமையல்கட்டுல நிக்கவாடா உன்னைப் பெத்தேன்னு கேட்டேன். அப்புறம் அவன் ஒண்ணும் பேசல. சம்மதிச்சுட்டான்.

காலையில அஞ்சு மணிக்கு ஓட்டம். அப்புறம் தண்டால். கம்மாக்கரை ஆலமரத்துல கயித்தைக் கட்டி நானே ஏறச் சொல்லிக்குடுத்தேன். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா குளிச்சுட்டு நேரா என்கிட்ட வரணும். சட்டையைக் கழட்டிட்டு ரெண்டு கையையும் தூக்குவான், நான் டேப்பைச் சுத்துவேன். கையை எறக்கச் சொல்லி ஒரு அளவு. அப்புறம் “இழு”ன்னு சொல்லுவேன். இழுப்பான். “விடாதே, விடாதே, விடாதே”ன்னு முப்பது வரைக்கும் எண்ணுவேன். செலக்‌ஷன்ல அளக்குறவன் மெதுவாத்தான் பாப்பான், அதுக்குள்ள மூச்சு போச்சுன்னா நம்ம கதி அதோகதி. அதனால முப்பது. காலண்டர்ல எழுதி வைப்பேன்.

மொத வருஷம் எழுபத்தெட்டுலயே நின்னுச்சு. முட்டை குடுத்தேன், ஊறவச்ச கடலை குடுத்தேன், அசையவே இல்லை. ரெண்டாவது வருஷம் ஏற ஆரம்பிச்சது பாருங்க! எழுபத்தொம்பது. எழுபத்தொம்பதரை. எண்பது. ஒரு மாசத்துல முக்கா சென்டிமீட்டர் ஏறுச்சு தம்பி. நம்ப மாட்டீங்க, அன்னைக்கு ரோட்டுல போறவனையெல்லாம் கூப்பிட்டுச் சொன்னேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் காராச்சேவு வாங்கிக் குடுத்தேன்.

என்ன?

லாரி வேற, பிள்ளை வேற தம்பி. என்ன பேசுறீங்க? வளர்ற பிள்ளைக்கு அளவு கூடத்தானே செய்யும். அதுக்கு எறங்கிப் போய் குனிஞ்சு பாப்பாங்களா?

இல்லை, கோவம் எல்லாம் இல்லை. உக்காருங்க. உங்களை மாதிரித்தான் டாக்டரம்மாவும் கேட்டாங்க. எல்லாரும் நடந்து முடிஞ்ச பெறகு கேக்குறீங்க.

அவன் ஒரு தடவை சொன்னான், இல்லைங்கல. “எடப்பக்கம் மட்டும் பெருசாகுற மாதிரி இருக்குப்பா”ன்னான். அவன் இடதுகைக்காரன் தம்பி. சோத்தைத் தவிர எல்லாத்துக்கும் இடதுகைதான். அந்தப் பக்கம் பலமாத்தான் இருக்கும்னு சொன்னேன். இன்னொரு தடவை மூச்சைப் பிடிக்கும்போது வலிக்குதுன்னான். வலிக்கத்தான் செய்யும், நெஞ்சு விரியுதுல்லன்னு சொன்னேன். வேற எந்த அப்பனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். நீங்கன்னா என்ன சொல்லியிருப்பீங்க? நீங்க சொல்ல மாட்டீங்க, உங்களுக்குப் பொம்பளைப் பிள்ளைங்களா?

எண்பத்தொண்ணே கால் வந்துச்சு. போன மாசி மாசம். அந்த ஞாயித்துக்கிழமை நான் அழுதுட்டேன். வெக்கமா இருந்துச்சு, டேப்பைச் சுருட்டுற மாதிரி திரும்பிக்கிட்டேன். அடுத்த வாரம் கயிறு ஏறுனான், பாதியில “அப்பா”ன்னு ஒரு சத்தம். கையை விட்டுட்டு கீழ வந்து விழுந்தான். விலாவைப் பிடிச்சுக்கிட்டு மண்ணுல சுருண்டு கெடக்குறான். ஊர் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன், அவரு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாரு. பாத்துட்டு ஒரு கடுதாசி எழுதி, மதுரைக்குப் போங்கன்னுட்டாரு. விழுந்ததுக்கு எதுக்கு மதுரைன்னு சண்டை போட்டேன் அவர்கூட.

இங்க டாக்டரம்மா படத்தை வெளிச்சத்துல வச்சுக் காட்டுனாங்க. ஒவ்வொரு விலா எலும்பும் ஒரு விரல் கனம் இருக்குங்களா. அஞ்சாவது எலும்பு மட்டும் ஒரு இடத்துல உப்பிப்போய், எலுமிச்சம்பழம் கணக்கா. எலும்பு இருக்க வேண்டிய எடத்துல நாரும் சதையுமா வளந்துருக்கு, அதான் பலமில்லாம கயிறு ஏறையில கீறல் விட்டுருக்குன்னாங்க. விழுந்ததுனால கீறல் விடல, கீறல் விட்டதுனாலதான் விழுந்தான். “எப்பப்பா இந்த வீக்கத்தைப் பாத்தே?”ன்னு அவனைக் கேட்டாங்க. “ரெண்டு வருஷமா இருக்கு டாக்டர்”ங்கிறான்!

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். வாராவாரம் என் கையால தொட்டு அளக்குறேன், ரெண்டு வருஷமா இருக்குன்னா எனக்கு ஏண்டா சொல்லலைன்னு அங்கேயே கேட்டேன். நிமுந்து பாக்காம சொல்றான், “நீங்கதான் அளந்துக்கிட்டே இருந்தீங்களேப்பா”ன்னு. எம்புட்டு திமிரு பாருங்க. ஒரு டாக்டர் முன்னால.

அப்புறம் சுத்திப் படம் எடுக்குற மெஷின்ல போட்டு எடுத்தாங்க. அதுலயும் சந்தேகம் போகல. சாதாரணக் கட்டியாத்தான் தெரியுது, ஆனா வளந்துருக்கு, வலிக்குது, அதனால ஊசியால ஒரு துணுக்கு எடுத்துப் பாத்துத்தான் புத்துநோய் இல்லைன்னு உறுதியாச் சொல்ல முடியும்னாங்க. முடிவு வர எட்டு நாளாச்சு. அந்த எட்டு நாளும் நான் சோறு திங்கல தம்பி. எடைமேடையில ஒரே லாரிக்கு ரெண்டு சீட்டுப் போட்டுட்டேன். அந்த எட்டு நாள்ல அளவும் இல்லை, போலீசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எம் பிள்ளை இருந்தாப் போதும்னு கெடந்தேன். சத்தியமா.

எட்டாம் நாளு கூப்பிட்டு உக்கார வச்சு, “புத்து இல்லை, பயப்படாதீங்க. நல்ல மாதிரிக் கட்டிதான், வேற எடத்துக்குப் பரவாது”ன்னாங்க. பஞ்சவர்ணம் டாக்டரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுறா. ஆனாலும் கீறல் விட்டுருக்கு, உள்பக்கமும் நுரையீரலை அழுத்துது, அதனால அந்தத் துண்டு எலும்போட சேத்து எடுத்துறலாம்னாங்க. நான் அப்பத்தான் ஒரு வார்த்தை கேட்டேன்.

என்ன கேட்டேன்னா... ஒரு நிமிஷம், இருமுன சத்தம் கேட்டுச்சே. அவனா? உங்க மாமனாரா? சரி.

என்ன கேட்டேன்னா, ஆடி மாசம் செலக்‌ஷன் வருது. கட்டி நல்ல கட்டின்னுட்டீங்க. அப்ப செலக்‌ஷன் முடிஞ்ச பெறகு எடுத்துக்கலாமான்னு கேட்டேன். அதோட விட்டுருக்கலாம். “அது உள்ள இருந்தா அளவும் கொஞ்சம் கூடத்தானே இருக்கும் மேடம்”னு சேத்துக் கேட்டேன்.

விவரம் தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன் தம்பி! புத்து இல்லைன்னு சொன்ன பெறகுதானே கேட்டேன். அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே. ஏதோ நான் எம் பிள்ளையை அடிச்சுப் போட்டுட்டு வந்து நிக்கிற மாதிரி. பஞ்சவர்ணம் அன்னையில இருந்து என்கூட சரியாப் பேசுறதில்லை. அவன் இருந்தானே, சட்டையில்லாம அந்த ஸ்டூல்ல உக்காந்துருந்தான். எந்திரிச்சான். “எப்ப வேணா எடுங்க டாக்டர், கையெழுத்து நானே போடுறேன், எனக்கு இருபது வயசு ஆயிருச்சு”ன்னுட்டு சட்டையைப் போட்டுக்கிட்டு வெளிய போயிட்டான்.

எடுத்துட்டாங்க. திங்கக்கிழமை. மூணே கால் மணி நேரம். அஞ்சாவது விலாவுல அரைச்சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்துட்டு, அந்த எடத்துல வலை மாதிரி ஒண்ணு வச்சுத் தச்சிருக்காங்க. பக்கவாட்டுல ஒரு குழாய் இருக்குல்ல, அது கீழ பாட்டில்ல போகுது. அவன் மூச்சு விடும்போது தண்ணியில குமிழி வரணும். நல்லா விட்டா நல்லா வரும். நான் மொத நாள் பூரா அந்தக் குமிழியத்தான் பாத்துக்கிட்டு உக்காந்துருந்தேன். வெட்டி எடுத்ததை எனக்குக் காட்டுனாங்க தம்பி, ஒரு கிண்ணத்துல. இம்புட்டுத்தான். இதுக்கா காராச்சேவு வாங்கிக் குடுத்தேன்னு மனசுல ஓடுச்சு. சிரிக்காதீங்க. சிரிச்சாலும் பரவாயில்லை.

நேத்து காலையில ஜெனிஃபர் அந்தப் பந்து டப்பாவைக் கொண்டுவந்து குடுத்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். இது நம்ம சோலியாச்சே! மூச்சு இழுக்க எம் பிள்ளைக்குச் சொல்லியா குடுக்கணும்? நீ வெலகும்மான்னு நானே கட்டில்கிட்டப் போய் நின்னேன். “நேசா, இழு”ன்னேன்.

இழுக்கச் சொன்னா அவன் என்ன பண்ணுனான்னு நெனைக்கிறீங்க? டப்பாவைக் கீழ போட்டுட்டு ரெண்டு கையையும் மேல தூக்குறான்! தையல் போட்ட உடம்பு. கை பாதி ஏறல, வீல்னு ஒரு கத்து. வார்டே திரும்பிப் பாத்துச்சு. கையை ஏண்டா தூக்குறேன்னு திட்டுனேன். மயக்க மருந்து இன்னும் தெளியல போலன்னு நெனைச்சேன். இப்ப வரைக்கும் எனக்கு அதுதான் வெளங்க மாட்டேங்குது, மூச்சை இழுன்னா யாராச்சும் கையைத் தூக்குவாங்களா?

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க?

சரி, மறுபடி டப்பாவைக் குடுத்து இழுக்கச் சொன்னேன். கொஞ்சம் இழுத்தான், ஒரு பந்து லேசா ஆடுச்சு. நான் எண்ண ஆரம்பிச்சேன். ஒண்ணு, ரெண்டு, விடாதே, விடாதேன்னு. அவ்வளவுதான். உள்ள போன மூச்சு வெளிய வரவே இல்லை. மொகம் செவந்து, கழுத்து நரம்பு பொடைச்சு, கண்ணு என்னையவே பாத்துக்கிட்டு இருக்கு. பாட்டில்ல ஒரு குமிழி இல்லை. ஜெனிஃபர்தான் ஓடி வந்து, “விடுங்க, விடுங்க, மூச்சை விடுங்க”ன்னு அவன் முதுகுல தட்டுச்சு. அப்புறம் என்னையப் பாத்து, “நீங்க எண்ணாதீங்கப்பா”ன்னுச்சு. இன்னைக்கு வெளியவே அனுப்பிருச்சு.

எனக்கு வேற என்ன சொல்லத் தெரியும்? அவன்கிட்ட நான் பேசுனதெல்லாம் அதுதானே. இழு, விடாதே. வேற என்ன பேசியிருக்கோம் நாங்க? யோசிச்சுப் பாத்தா சாப்டியான்னுகூட நான் கேட்டதில்லை, முட்டை தின்னியான்னுதான் கேட்டிருக்கேன்.

சும்மா இருங்க, ஒரு சத்தம் கேக்குது. டக்குன்னு. பந்துதானே அது? மேல போய் முட்டுனா அப்படித்தான் கேக்கும். எட்டிப் பாருங்க, எட்டிப் பாருங்க. ஒண்ணு ஏறுதா? ஏறுதா! நான் இந்த ஜன்னல் ஓரமா ஒரே ஒரு தடவை...

விழுந்துருச்சு.

பாத்துட்டான். என் தலை தெரிஞ்சதும் டப்பாவை வாயில இருந்து எடுத்துட்டான். அவனுக்குத் தோள் ரெண்டும் மேல ஏறிக்கிச்சு, பாத்தீங்களா? பஞ்சவர்ணம் என்னைப் பாத்து போ, போன்னு கையைக் காட்டுறா.

அப்ப அந்தப் பொண்ணு சொன்னது நெசந்தான். நான்தான்.

கொஞ்சம் உக்காந்துக்கிறேன் தம்பி.

இல்லை, தண்ணி வேணாம். நான் அவனை ஒரு நாளும் அடிச்சதில்லை. ஒரு அடி அடிச்சதில்லை. கேட்டுப் பாருங்க வேணும்னா. அவன் நல்லாயிருக்கணும்னுதான் எல்லாம் பண்ணுனேன். எனக்குத்தான் வேணும்னு வச்சுக்கங்களேன், அவனுக்கு வேணும்னு அவன் ஒரு நாளும் சொல்லல. வலிக்குதுன்னுதான் சொன்னான். என் காதுல எண்பத்தொண்ணுன்னு விழுந்துச்சு.

எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. மாமனாருக்குக் கஞ்சி குடுக்க உள்ள போவீங்கள்ல? போகும்போது, அவன் காதுல விழுற மாதிரி அவர்கிட்ட ஒரு பேச்சுப் பேசுங்க. பக்கத்துக் கட்டில் பையனோட அப்பா ஊருக்குப் போயிட்டாரு, எடைமேடையில ஆளில்லைன்னு போன் வந்துச்சாம், இனி அடுத்த வாரந்தான் வருவாராம்னு சொல்லுங்க. நேரா அவனைப் பாத்துச் சொல்லாதீங்க, கண்டுபிடிச்சுருவான். பஞ்சவர்ணம் பொய்னு தெரிஞ்சுக்குவா, ஆனா வாயைத் திறக்க மாட்டா. நான் அந்தப் படிக்கட்டுல போய் இருக்கேன். அங்க இருந்து வார்டு தெரியாது. போங்க, கஞ்சி ஆறிரும்.

வாங்க தம்பி. என்ன இம்புட்டு வெரசா வந்துட்டீங்க? சொன்னீங்களா, இல்லையா?

ரெண்டு பந்தா?

சொன்ன உடனேயா? கொஞ்ச நேரம் யோசிச்சானா, இல்லை நான் போயிட்டேன்னு கேட்ட உடனேயேவா? ஓ. பாட்டில்ல குமிழி வந்துச்சா? நல்லா வந்துச்சா? அவங்கம்மா சிரிச்சாளா.

ஒண்ணுமில்லை, சந்தோஷத்துலதான். ரெண்டு பந்து ஏறிருச்சுன்னா மூணாவதும் ஏறிரும். நாளைக்கு எக்ஸ்ரே நல்லா வந்துரும். நான் படியில உக்காந்துருக்கிறது அவனுக்கு எப்படியும் தெரிஞ்சுரும் தம்பி, யாராச்சும் ஒருத்தர் சொல்லிருவாங்க. சொல்லிட்டா ஏறுன பந்து எறங்கிரும்.

இங்க இருந்து மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பஸ்சு போகும்?